முதல் நாள் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியவை

நங்கநல்லூர், சென்னை

அன்பு மகனுக்கு,

ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படைக்குப் போக நீ கொடுத்த விருப்ப விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டதையும், அடுத்த மாதம் ப்ரோபேஷன் என்னும் சோதனைக் காலத்துக்குப் புறப்படுவதையும் சொன்ன கையோடு, முதல் நாள் அங்கே இருப்பவர்கள் முன்னால் நின்று உன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. ராணுவ மருத்துவமனைகளில் செவிலியர் அதிகாரியாகப் பணியாற்றிய காலமெல்லாம், புதிதாக வந்த பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னவற்றையும் சொல்லாமல் மறைத்தவற்றையும் அவர்களுடைய கட்டிலருகே நின்று கேட்டவள் நான். ஆகவே யோசித்து எழுத்திலேயே தருகிறேன். நீ போகும் பட்டாலியனின் எண்ணையோ இடத்தையோ இந்தக் கடிதத்தில் நான் எங்கும் குறிப்பிடவில்லை. பதில் எழுதும்போது நீயும் குறிப்பிடாதே.

நீ சந்திக்கப்போகிறவர்கள் யார் என்பதை முதலில் மனத்தில் வை. ஒரு காலாட்படைப் பட்டாலியனில் இளம் அதிகாரி ஒருவன் சேரும்போது, அவன் தோளில் இருக்கும் நட்சத்திரங்களே பாதி அறிமுகத்தைச் செய்துவிடுகின்றன. அங்கே அப்படி நடக்காது. யாரையும் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்புவதில்லை. தாமாக முன்வந்து, மாதக்கணக்கில் நீளும் சோதனையில் தாக்குப்பிடித்து, உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆர்.டி.யு. ஆகிச் சொந்தப் பிரிவுகளுக்குத் திரும்பிய பிறகும் எஞ்சி நின்றவர்கள் அவர்கள். உன்னைவிடப் பதவியில் குறைந்த ஒரு ஹவில்தார் உன் உஸ்தாதாக, அதாவது பயிற்றுநராக, இருப்பார். சுமையைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் ஓடச் சொல்வார். நீ அதிகாரி என்பதற்காக முதுகில் சுமக்கும் பிட்டுவின் எடை ஒரு கிலோகூடக் குறையாது. அவரை 'உஸ்தாத்' என்றும், இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களை 'சாப்' என்றும் மனமாரச் சொல். மரியாதை வாயிலிருந்து மட்டும் வந்தால் அவர்கள் அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்தவரை, உன் முதல் அறிமுகத்தில் நான்கைந்து வாக்கியங்களுக்கு மேல் தேவைப்படாது. உன் பெயர், சென்னையிலிருந்து வருகிறாய் என்பது, பரங்கிமலை அகாடமியில் பயின்று மதராஸ் ரெஜிமென்டில் கமிஷன் பெற்றாய் என்பது, இதுவரை எங்கே என்ன பொறுப்பில் இருந்தாய் என்பது, கற்றுக்கொள்ள வந்திருக்கிறாய் என்பது. இவ்வளவும் போதும். 'சிறு வயதிலிருந்தே என் கனவு' என்று தொடங்காதே. கனவு இல்லாமல் அங்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் அதைச் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமும் இல்லை. அகாடமியில் வாங்கிய பதக்கத்தையும், பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயரில் நடந்த உன் பாஸிங் அவுட் அணிவகுப்பில் உனக்குக் கிடைத்த பெருமையையும் நீயாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

உன் தாத்தா சுபேதாராக ஓய்வு பெற்றவர் என்பதையும், அம்மா லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவள் என்பதையும் அறிமுகத்தில் சேர்க்காதே. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் படைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது தன்னையறியாமல் வாயில் வந்துவிடுகிறது. 1971 டிசம்பரில் 10 பாரா கமாண்டோப் படையினருடன் பாலைவனத்தைக் கடந்து சிந்துப் பகுதியின் சாச்ரோவைத் தாக்கிய லெப்டினன்ட் கர்னல் பவானி சிங், அப்போது ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் தலைவராக இருந்தவர். அந்த நடவடிக்கைக்காக அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது; அரண்மனைக்காகக் கிடைக்கவில்லை. அத்தகைய குடும்பப் பெயரே அங்கே சுமையைத் தூக்கித் தராதபோது, நம் குடும்பத்தின் இரண்டு பதவிகள் உனக்கு என்ன செய்துவிடும்?

அந்தப் படையின் வரலாற்றை நன்றாகப் படித்துக்கொண்டு போ. 1965 போரின்போது மேஜர் மேக் சிங் தன்னார்வலர்களைத் திரட்டி அமைத்த மேகதூத் படையிலிருந்துதான் இந்தப் பாரம்பரியம் தொடங்குகிறது. 1966 ஜூலை 1 அன்று 9 பாரா கமாண்டோ பட்டாலியன் உருவானது. அடுத்த ஆண்டே அதிலிருந்து 10 பாரா கமாண்டோ பிரிந்தது. 1978இல் 1 பாராவும் சிறப்புப் படையாக மாற்றப்பட்டது. 1971இல் பூஞ்ச் பகுதிக்கு எதிரே மந்தோலில் பகைவரின் பீரங்கிகளை அழித்தவர்கள் 9 பாரா கமாண்டோக்கள். இவற்றைத் தெரிந்துகொள்வது அந்த வீட்டுக்குள் நுழைகிறவனின் கடமை. ஆனால் தெரியும் என்று காட்டுவதற்காக முதல் வாரத்தில் இவற்றை ஒப்பிக்காதே. அவர்களில் மூத்தவர் ஒருவர் தாமே சொல்ல நேரும் நாளில், முதன்முறை கேட்பவனைப் போல வாயைத் திறக்காமல் கேள். ஏட்டில் வராத எத்தனையோ விவரங்கள் அவர் சொல்வதில் இருக்கும்.

உன் இந்தியைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் சொன்னாய். மதராஸ் ரெஜிமென்டில் உன் ஜவான்கள் தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசினார்கள். நீயும் தமிழிலேயே பாதி வேலையை நடத்திவிட்டாய். அங்கே ஹரியானாக்காரரும் நாகாலாந்துக்காரரும் ஒரே குழுவில் இருப்பார்கள். பொதுவாக இருப்பது இந்திதான். இலக்கணம் தடுமாறினாலும் தயங்காமல் பேசு. புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் ஆபத்து. இருட்டில், வெடிமருந்துக்கு அருகில், 'சரி' என்று நீ சொல்லும் ஒரு சொல்லை நம்பி இன்னொருவர் காலை எடுத்து வைப்பார். புரியாவிட்டால் மறுபடி கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். அறிமுகம் என்றால் கூடத்தில் நின்று பெயர் சொல்வது மட்டும் என்று நினைத்துவிடாதே. பட்டாலியனின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் மருத்துவ அதிகாரியிடமும் நர்ஸிங் அசிஸ்டன்டிடமும், உனக்கென்று அமையும் ஜோடித் தோழரான 'பட்டி'யிடமும் உன் உடம்பைப் பற்றி என்ன சொல்கிறாய் என்பதே உன் மெய்யான அறிமுகம். உனக்குப் பெனிசிலின் ஒவ்வாது. குழந்தையில் ஒருமுறை உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கியது உனக்கு நினைவிருக்காது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதை உன் மருத்துவ ஆவணத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்களா என்று நீயே பார். பட்டியிடம் வாய்மொழியாகவும் சொல். உன் ரத்த வகையையும் சேர்த்துச் சொல். நினைவிழந்து கிடக்கும்போது உனக்காகப் பேசப்போகிறவர் அவர் ஒருவர்தான். அவருடைய விவரங்களையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்.

அகாடமியில் முறிந்து கூடிய உன் இடது கணுக்காலை மறைக்க வேண்டாம். இப்போது நீ ஷேப் ஒன், அதாவது முழு உடல்தகுதி உள்ளவன், என்பது எனக்கும் தெரியும். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்பதைப் படத்தில் நானே பார்த்தேன். இருந்தாலும் கேட்கும்போது, 'முறிந்தது, கூடியது, இத்தனை காலமாகத் தொந்தரவு இல்லை' என்று அப்படியே சொல். சோதனைக்கு வந்த பிள்ளைகளில் பலர், பழைய காயத்தைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சி மறைக்கிறார்கள். வலி மாத்திரைகளைப் பிட்டுவின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, வியர்வையில் உடம்பு வற்றிய நிலையில் வேளைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. தசை வலிக்கும், அது இயல்பு. இரண்டு மூன்று நாளில் இடம் மாறிக் குறையும். ஆனால் கெண்டைக்கால் எலும்பிலோ பாதத்து எலும்பிலோ ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்து, படுத்திருக்கும்போதும் அது விடாமல் இருந்தால், எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். அன்றே சொல்லிவிட்டால் சில வாரம் ஓய்வு. மறைத்து ஓடினால் எலும்பு முழுதாக முறிந்து, நீ விரும்பிய பணியே கைவிட்டுப் போகலாம்.

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், தொடையும் தோளும் தாங்க முடியாதபடி வலித்தால், அதை மன உறுதிக்கு வந்த சோதனை என்று எண்ணிவிடாதே. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது. மணிக்கணக்கில் தாமதிக்கக்கூடாத நிலை. வெப்பத் தாக்கம் இதைவிடக் கொடியது, ஏனென்றால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் காரணமில்லாமல் எரிந்து விழுவார், தள்ளாடுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். உன் பட்டியிடம் அப்படி ஒன்றைக் கண்டால், அவர் எவ்வளவு மறுத்தாலும் நிறுத்தி, அந்த இடத்திலேயே தண்ணீரால் குளிர்வித்துவிட்டுப் பிறகு கொண்டுபோ. சென்னை வெயிலில் வளர்ந்தவன் என்பதால் உனக்கு வராது என்று எண்ணாதே. புதிய வெயிலுக்கும் புதிய சுமைக்கும் உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் மூளையைப் பாதிக்கும்.

இதையெல்லாம் சொன்னால் கோழை என்று நினைப்பார்களோ என்று நீ கேட்கக்கூடும். சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் எம்.ஐ. ரூம் வாசலில் நிற்பவனைப் பற்றி நான் பேசவில்லை. ஆறு பேர் ஒரு வேலைக்குப் புறப்படும்போது, ஒருவரால் எவ்வளவு முடியும் என்ற கணக்கை வைத்துத்தான் மற்ற ஐவரின் பாதையும் நேரமும் திட்டமிடப்படுகின்றன. 'நீந்தத் தெரியும்' என்றால் எவ்வளவு தூரம், சீருடையோடா இல்லாமலா என்று சேர்த்துச் சொல். உயரத்தைக் கண்டால் வயிறு கலங்குவதை ஒப்புக்கொள். ஆக்ராவில் பாராசூட்டுடன் குதிக்கக் கற்றுத் தருபவர்கள் உன்னைப் போன்ற எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள். பெருமைக்காகக் கூட்டிச் சொல்வதும் பயத்துக்காகக் குறைத்து மறைப்பதும் அந்தக் கணக்கை ஒரே மாதிரிதான் பிழையாக்குகின்றன.

அவர்களுடைய மரபுகளைப் பற்றி ஒரு சொல். சோதனையில் தேறி மெரூன் பெரே தொப்பி பெறும் நாளில், ரம் அருந்திக் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைக் கடித்து மெல்லும் வழக்கம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். செவிலியாக எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்துக்குள் புதிதாக வந்தவன் அதன் வழக்கங்களை எடைபோடத் தொடங்குவது முறையல்ல. எந்த நடவடிக்கைக்குப் போனீர்கள், யாரைச் சுட்டீர்கள் என்று யாரிடமும் கேட்காதே. சுவரில் இருக்கும் மறைந்தவர்களின் படங்களுக்கு முன் நின்று பெயர்களைப் படித்து மனத்தில் வைத்துக்கொள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் தாமாகச் சொல்லும்வரை காத்திரு.

இங்கே நம் தெருப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் படையினர் அணியும் பலிதான் சின்னம் நன்றாகத் தெரியும். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் அது இருந்ததும், ஐ.சி.சி. அதை நீக்கச் சொன்னதும் சேப்பாக்கம் ரசிகர்களுக்கு மறக்குமா? தோனி பாராசூட் ரெஜிமென்டின் கௌரவ லெப்டினன்ட் கர்னல் என்பதும், 2015இல் ஆக்ராவில் ஐந்து முறை குதித்து விங்ஸ் என்னும் பாராசூட் தகுதி பெற்றார் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். நீ எங்கே போகிறாய் என்று தெரிந்தால் அந்தச் சின்னத்தைத்தான் கேட்பார்கள். அதனால் யாரிடமும் நான் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போகிறான் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன் சித்தப்பாவிடமும் அவ்வளவே. வாட்ஸாப் குழுவில் உன் படத்தை அவர் போட்டுவிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார். தேறாத சின்னத்தை அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆசை உனக்கு வராது என்று நம்புகிறேன்.

ஒருவேளை உன்னைத் திருப்பி அனுப்பினால், உன் பழைய பட்டாலியனில் மீண்டும் ஒருமுறை உன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 'முயன்றேன், எடுக்கவில்லை' என்று நிமிர்ந்து சொல். அந்த நிலை வந்தாலும் இந்த வீட்டில் உன்னைப் பற்றிய எண்ணம் ஒரு துளியும் மாறாது என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. பழைய எக்ஸ்ரேயும் ஒவ்வாமைக் குறிப்பும் என் அலமாரியில் இருக்கின்றன. நகலெடுத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், மருத்துவ அதிகாரியிடம் நேரில் கொடுத்துவிடு. நெருங்கிய உறவினர் படிவத்தில் என் பழைய எண்ணே இருக்கிறது, அதை மாற்றிவிட்டு எனக்குத் தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா