புதினாவும் மெழுகுவர்த்தியும்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அடுத்த பத்து நாளைக்கு உங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு பேசினும் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைச் செடி மீண்டும் நல்லதாக்குமா என்று ஜோசப் பிரீஸ்ட்லி செய்த சோதனை அது.

பிரீஸ்ட்லி வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மத போதகர். பக்கத்திலிருந்த பீர் ஆலைத் தொட்டிகளின்மேல் தேங்கி நின்ற வாயுவில் எரியும் குச்சியை நீட்டி, அது அணைவதைப் பார்த்ததில் தொடங்கியது அவர் ஆர்வம். 1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். 27ஆம் தேதி அதே காற்றில் இன்னொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது.

செய்முறை: பேசினில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். 8 செ.மீ. மெழுகுவர்த்தியை ஓட்டுத்துண்டில் ஒட்டி உள்ளே நிறுத்தி ஏற்றுங்கள். கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்து மூடுங்கள். சுடருக்கும் பாட்டில் அடிக்கும் ஐந்து விரற்கடையாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். அணைந்ததும், பாட்டில் வாய் தண்ணீருக்கு மேலே வராமல் லேசாகத் தூக்கி மெழுகுவர்த்தியை உருவிவிடுங்கள். அதே வழியாக மூன்று புதினாத் தண்டுகளை நுழைத்து, வெட்டிய நுனி நீரில் இருக்கும்படி, பாட்டிலை இரண்டு நாணயங்களின்மேல் நிறுத்துங்கள். மற்ற இரண்டு பாட்டில்களிலும் இதேபோல் மெழுகுவர்த்தி எரிந்து அணையட்டும். இரண்டாவதில் புதினா வேண்டாம். மூன்றாவதில் புதினா உண்டு, ஆனால் கறுப்புத் துணி சுற்ற வேண்டும்.

பாட்டிலுக்குள் தண்ணீர் ஏறும். "ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது" என்று பல கையேடுகள் சொல்வது சரியல்ல. சூட்டில் விரிந்த காற்று குமிழியாக வெளியேறி, மிச்சம் குளிர்ந்து சுருங்குவதே முக்கியக் காரணம். மெழுகுவர்த்தி அணையும்போது பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளேதான் இருக்கிறது.

பத்தாம் நாள், புதினாவை நீருக்கடியிலேயே உருவிவிட்டு, மூடியையும் அங்கேயே போட்டு நிமிர்த்துங்கள். வளைத்த கம்பியில் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு, மூடியைத் திறந்த கையோடு உள்ளே இறக்கி நொடிகளை எண்ணச் சொல்லுங்கள். இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.

சொதப்பும் இடங்கள் மூன்று. பேசின் தண்ணீர் வற்றி பாட்டில் வாய் வெளியே தெரிந்தால் வெளிக்காற்று புகுந்துவிடும், தினமும் ஊற்றுங்கள். நேர் வெயிலில் வைத்தால் புதினா வெந்துபோகும். வெளிச்சமான நிழல் போதும். அழுகிய இலையோ காற்றை இன்னும் கெடுக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வராமல் போகலாம். 1778இல் திரும்பச் செய்தபோது பிரீஸ்ட்லிக்கே ஒருநாள் வந்தது, ஒருநாள் வரவில்லை. பச்சைப் பாகமும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் நடக்கும் என்று அடுத்த ஆண்டு காட்டியவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். துணி சுற்றிய பாட்டில் அதற்காகத்தான். ஆகவே பிள்ளைக்காக நோட்டில் விடையை "சரிசெய்து" எழுதிவிடாதீர்கள். தேதி, வானம் மூட்டமா தெளிவா, எத்தனை நொடி எரிந்தது: இவ்வளவும் உள்ளபடி இருந்தால் முழு மதிப்பெண்.

1774இல் பிரீஸ்ட்லி பாதரசச் சேர்மத்தைப் பூதக்கண்ணாடியால் சூடாக்கி ஆக்சிஜன் எடுத்ததும் பாடத்தில் வரும். அதை எந்த வீட்டிலும் செய்யக்கூடாது; பாதரச ஆவி நஞ்சு. உடைந்த தெர்மாமீட்டரைக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

நோட்டை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும், பாட்டில்கள் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்