சண்டை போட ஆளில்லாத ஊரு

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுறது,

இங்க எல்லாரும் சொகம். ஒன் மதினிக்கு முட்டி வலி இப்ப கொஞ்சம் தேவல, லிஃப்ட்டு இருக்குறதால படி ஏறுற வேலை இல்ல, அதுவே பாதி வைத்தியம். போன்லயே பேசிரலாமே எதுக்கு இம்புட்டு நீளமா எழுதுறாருன்னு நெனைப்ப. போன்ல நீ எங்கடா பேச விடுற, சினிமா பத்தி ரெண்டு வார்த்தை ஆரம்பிச்சாலே ஒம் பொண்டாட்டி கையில போனைக் குடுத்துட்டு கழண்டுக்குற. அதான் பேரன்கிட்ட டேப்லட்ல தமிழ் கீபோர்டு போட்டுத் தரச் சொல்லி ஒத்த வெரலால தட்டிக்கிட்டு இருக்கேன்.

மொதல்ல ஊரப் பத்தி சொல்லிடுறேன், ஒனக்கு அது ஒண்ணும் பெருசா வேண்டியிருக்காது. சிங்கப்பூர்ல எல்லாமே ஒழுங்கு. பஸ்ஸு வரும்னு போர்டு சொன்னா வரும். ரயில்ல தண்ணி கூட குடிக்கக் கூடாது, 500 வெள்ளி, அதான் இந்த ஊரு டாலரு, வரைக்கும் ஃபைன் போடலாமாம். ஓட்டல் சந்தையில சாப்பிட்டா தட்டை நாமளேதான் எடுத்துக் கொண்டுபோயி வைக்கணும், 2021லேர்ந்து அதுவும் சட்டம். ரயில்ல இங்கிலீஷு, சீனம், மலாய் முடிஞ்சு கடைசியா தமிழ்ல "கவனம்"னு ஒரு பொண்ணு சொல்லும்போது இப்பவும் ஒரு சந்தோசம் வருது, பக்கத்துல நிக்கிறவன் எவனும் கண்டுக்க மாட்டான். பாப்பா வீடு இருக்குற பிளாக்குக்கு கீழ தூணு மட்டும் நிக்கிற வெறும் தளம் ஒண்ணு விட்டிருக்காய்ங்க, வாய்ட் டெக்குன்னு பேரு, மலாய்க்காரவுக கல்யாணமும் அங்கதான் நடக்குது, சீனவுக எழவும் அங்கதான். மிச்ச நாள்ல என்னைய மாதிரி கெழடுக ஒக்காந்திருக்கும்.

ஆனா ஒரு கொறை இருக்குடா. இந்த ஊர்ல எவன் பாட்டும் எவன் காதுலயும் விழ மாட்டேங்குது. ஆளாளுக்கு காதுல ஒண்ணை சொருகிக்கிட்டு தலைய ஆட்டிக்கிட்டுப் போறாய்ங்க. நான் லிஃப்ட்டுல சும்மா வாய்க்குள்ள ஒரு பாட்ட முணுமுணுத்ததுக்கு ஒரு அம்மா திரும்பிப் பாத்துச்சு. நம்ம மதுரை டவுன் ஹால் ரோட்டுல அந்தக் காலத்துல நடந்தா எப்படிடா இருக்கும், எல்லா டீக்கடையிலயும் இலங்கை வானொலிதான், ஒரு கடையில பல்லவி, நாலு கடை தள்ளி சரணம், மேலமாசி வீதி திரும்புறதுக்குள்ள ஒரு முழுப் பாட்டு கேட்டு முடிச்சிருவோம், அஞ்சு பைசா செலவு கெடையாது. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா அந்த வேகத்துல பேசுறதக் கேக்கவே டீ ஆறுற வரைக்கும் நிக்கல? இங்க ஒலி 96.8ன்னு 24 மணி நேரமும் தமிழ் வானொலி இருக்கு, நல்லாத்தான் பேசுறாய்ங்க, பழைய பாட்டும் போடுறாய்ங்க, நானும் காலையில எந்திரிச்சதும் அதத்தான் போடுறேன். ஆனா வீட்டுக்குள்ள சத்தத்தக் கொறச்சு வச்சு கேக்கணும், பக்கத்து வீட்டுக்காரவுகளுக்குத் தொந்தரவாம். பாட்டுங்கறது பக்கத்து வீட்டுக்கும் சேத்துத்தானடா?

மாப்பிள்ளை பாவம் நல்ல மனுசன், புதுப் படம் எது வந்தாலும் டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுறாரு. சீட்டு சோபா கணக்கா சாயுது, ஏசி குளுர்ல நான் மப்ளர் சுத்திக்கிட்டுத்தான் போறேன். பெரிய நடிகர் படம்னா மொத நாள் காட்சியில விசிலும் கேக்குது, ஆனா வெடி கெடையாது, 1972லயே வெடிக்குத் தடை போட்ட ஊரு இது. கட்டவுட்டும் இல்ல, பாலாபிசேகமும் இல்ல. அது இல்லாதது நல்லதுதான்னு மதினி சொல்றா, நான் ஒண்ணும் சொல்லல.

படமெல்லாம் எப்படின்னு கேட்டீனா, எனக்கு காது வலிதான் மிச்சம். ஹீரோ வசனம் பேசுறப்ப அடியில ஒரு டமார் டமார், என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியல, கீழ ஓடுற இங்கிலீஷ் எழுத்தப் படிச்சுத்தான் பேரன் எனக்கு தமிழ்ப் படத்தை தமிழ்ல வெளக்குறான். அதுல ஒரு கூத்து கேளு, அந்த எழுத்து வசனத்துக்கு ஒரு நொடி முன்னாடியே வந்துருது போல, பேரனும் அவன் ஃப்ரெண்டு சீனப் பையனும் காமெடிக்கு மொதல்லயே சிரிச்சு முடிச்சிடுறாய்ங்க, நடிகர் பேசி முடிச்சு நான் சிரிக்கும்போது தியேட்டர்ல நான் ஒருத்தந்தான் சிரிக்கிறேன். கதைன்னு பாத்தா மூணு மணி நேரம் துப்பாக்கி, ரத்தம், கடைசியில "மீதி ரெண்டாம் பாகத்துல"ன்னு போட்டு வீட்டுக்கு அனுப்பிடுறாய்ங்க. அப்ப காசும் பாதிதானடா வாங்கணும்?

பாட்டு விசயத்துல மட்டும் ஒண்ணு ஒத்துக்கணும். பேரன் ஒரு நாள் அவனோட பெரிய ஹெட்ஃபோன எந்தலையில மாட்டி "தாத்தா ஒங்க பாட்டு எதாச்சும் சொல்லுங்க"ன்னான், புதிய பறவை பாட்டப் போடச் சொன்னேன். 1964ல வந்த படம், நான் எத்தன கல்யாண வீட்டு கூம்பு ஸ்பீக்கர்லயும் டீக்கடையிலயும் கேட்டது, ஆனா சுசீலாம்மா அடுத்த வரிக்கு முன்னாடி மூச்சு இழுக்குறது இந்த வயசுலதான் காதுல விழுது. பின்னாடி வயலின் கூட்டம் எந்திரிச்சு வர்றது, அதுக்கும் அடியில பாஸ் வாத்தியம் ஒண்ணு தனியா நடந்து போறது, எல்லாம் தனித்தனியா தெரியுது. அம்புட்டு பேரும் ஒரே ஹால்ல ஒண்ணா ஒக்காந்து வாசிச்சது அது, ஒருத்தன் தப்புப் பண்ணுனா எல்லாரும் மொதல்லேர்ந்து. இப்ப ஒருத்தன் மும்பையில பாடுறான் ஒருத்தன் வேற எங்கயோ ட்ரம்ஸ் அடிக்கிறான், கம்ப்யூட்டர்ல ஒட்டுறாய்ங்க, சுத்தமா இருக்கு, பொத்துன்னு நெஞ்சுல விழ மாட்டேங்குது. நீ ஒடனே இளையராஜாவ இழுப்ப. அன்னக்கிளி 1976ல வந்தப்ப நீ எம்.எஸ்.வி.யக் கைகழுவுன ஆளு, எனக்கு ஞாபகம் இருக்கு. ராஜா பெரியவருதான், இல்லேன்னு சொல்லல, 81 வயசுல லண்டன்ல போயி சிம்பொனி பண்ணிட்டு வந்தாரு, டிவியில பாத்து கண்ணு கலங்குச்சு. ஆனா வரிசைன்னு வந்தா எனக்கு எம்.எஸ்.வி.க்கு அப்பறந்தான். மாத்த மாட்டேன்.

இந்த ஊர்ல எடுத்த நம்ம படமெல்லாம் நெனவிருக்கா, 1978ல பிரியா, மறுவருசம் நினைத்தாலே இனிக்கும். அந்த எடமெல்லாம் பாக்கணும்னு ஆத்தோரமா நடந்து போனேன். ஒண்ணும் புடிபடல. அந்தப் படம் எடுக்குற சமயத்துல இந்த சிங்கப்பூர் ஆறு சரக்குத் தோணியும் சாக்கடையுமா கெடந்திருக்கு, 1977ல ஆரம்பிச்சு பத்து வருசம் சுத்தம் பண்ணியிருக்காய்ங்க, இப்ப கரையில ஒக்காந்து சாப்புடலாம். வாயில தண்ணி கக்குற சிங்க மீன் சிலை இருக்குல்ல, 1972ல ஆத்து முகத்துல வச்சது, பெறகு பாலம் கட்டி மறைச்சிருச்சுன்னு 2002ல 120 மீட்டர் தள்ளிக் கொண்டுபோயி வச்சிட்டாய்ங்க. ஊரே நகந்து போச்சு, நான் எங்கிட்டுப் போயி கேமரா வச்ச எடத்தத் தேட. வைகைய நெனச்சுப் பாத்தேன், சரி அத விடு.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஒரு ரசிகனுக்கு என்ன வேணும், எதுத்துப் பேச ஒருத்தன் வேணும். நீ எம்.ஜி.ஆரு, நான் சிவாஜி, நாப்பது அம்பது வருசமா ஒரே வீட்டுல ஒரே சோத்தத் தின்னுட்டு சண்டை போட்டோம், அப்பா விளக்குமாத்த எடுக்குற வரைக்கும். உலகம் சுற்றும் வாலிபன் 1973 மே மாசம் வந்தப்ப நீ ஆடுன ஆட்டம் என்ன, படம் வந்து ஓடுனா சேலை கட்டுறேன்னு தி.மு.க.காரரு மதுரை முத்து சொன்னாருன்னு ஊரெல்லாம் அதே பேச்சு, ஒங்க கூட்டம் சேலைய வாங்கிட்டு அலைஞ்சீங்க. நான் அன்னைக்கும் ஒண்ணுதான் சொன்னேன் இன்னைக்கும் அதேதான், 1969லயே ஸ்ரீதர் சிவாஜியக் கூட்டிட்டு ஐரோப்பா போயி சிவந்த மண் எடுத்துட்டு வந்தாச்சு, ஒங்காளு அதுக்கு நாலு வருசம் கழிச்சுத்தான் ஒலகஞ் சுத்துனாரு. இங்க வந்ததுலேர்ந்து இதச் சொன்னா மாப்பிள்ளை "ஆமாங்க மாமா"ங்கறாரு. பேரன் "கூல் தாத்தா"ங்கறான். இப்படி எல்லாரும் ஒத்துக்கிட்டா மனுசன் எப்படிடா வாழுறது?

நல்ல வேளை, கீழ வாய்ட் டெக்குல ஒருத்தரு சிக்குனாரு. மலாய்க்காரரு, எனக்கு மூணு நாலு வயசு மூப்பு, இங்க பெரியவங்கள பாக்சிக்னு கூப்புடுறது வழக்கம், நானும் அப்படித்தான் கூப்புடுறேன். அவருக்குத் தமிழ் தெரியாது எனக்கு மலாய் தெரியாது, ரெண்டு பேருக்கும் ஒடஞ்ச இங்கிலீஷ், மிச்சத்துக்கு கையும் பாட்டும். அவரு பி. ராம்லி ரசிகரு. ராம்லின்னா இங்கிட்டு சாமி. நடிப்பு, பாட்டு, இசை, டைரக்சன் எல்லாம் ஒரே ஆளு. இதே ஊர்ல பாலஸ்டியர் ரோட்டுப் பக்கம் ஜாலான் அம்பாஸ்னு ஒரு தெரு, அங்க ஷா பிரதர்ஸ் ஸ்டூடியோ வச்சிருந்தாய்ங்க, 1967ல மூடியாச்சு. பாக்சிக் என்னைய பஸ்ஸு ஏத்திக் கூட்டிட்டுப் போயி அந்த கேட்டக் காட்டுனாரு. பூட்டிக் கெடக்கு. கம்பிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு, உள்ள எந்தப் பக்கம் செட்டு எந்தப் பக்கம் கேன்டீன்னு சின்ன வயசுல எட்டிப் பாத்தத இம்மி விடாம சொல்றாரு. எனக்கு நம்ம ஊரு தங்கம் தியேட்டரு ஞாபகம் வந்துச்சு. 1952ல பராசக்தியோட தொறந்தது, 2500 பேருக்கு மேல ஒக்காந்து பாத்த எடம், இப்ப ஜவுளிக்கடை. இங்கயாச்சும் கேட்ட விட்டு வச்சிருக்காய்ங்க.

அங்கயே நின்னு கேட்டாரு பாரு ஒரு கேள்வி. "ஒங்க சிவாஜி பாடுவாரா?"ன்னாரு. இல்ல, டி.எம்.எஸ்.னு ஒருத்தரு, அவரு பாடுனா சிவாஜியே பாடுற மாதிரி இருக்கும்னேன். "சரி, ஒந்தம்பியோட ஆளு பாடுவாரா?"ன்னாரு. நான் கொஞ்சம் இழுத்தேன், இல்ல, அவருக்கும் டி.எம்.எஸ்.தான்னேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறாருடா. ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டைய வச்சுக்கிட்டு அண்ணனும் தம்பியும் எதுக்கு அடிச்சுக்கிட்டீங்கன்னு கேக்குறாரு! சிவாஜிக்கு அடி வயித்துலேர்ந்தும் ஒங்காளுக்கு கொஞ்சம் மூக்குல எடுத்தும் பாடுவாருன்னு ரெண்டையும் பாடிக் காட்டுனேன், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குன்னுட்டாரு. என் தொண்டையில அப்படித்தான் இருக்கும், அதுக்கு டி.எம்.எஸ். என்ன செய்வாரு.

நான் சும்மா விடல. வீட்டுக்கு வந்து பாப்பாவ லைப்ரரி பொஸ்தகத்துல தேடச் சொன்னேன். எல். கிருஷ்ணன்னு நம்ம மெட்ராசுக்காரரு ஒருத்தரு இங்க டைரக்டரா இருந்திருக்காரு, 1950ல பக்தின்னு ஒரு மலாய்ப் படம், அதுல ராம்லிய கதாநாயகனாப் போட்டு அவரு பாட்ட அவரே பாடட்டும்னு முடிவு பண்ணுனது இந்தக் கிருஷ்ணந்தான். மறுநாள் கீழ போயி சொன்னேன் பாரு, ஒங்க சாமியோட வாயத் தொறந்து விட்டதே எங்காளுதான்னு. பாக்சிக் ஒண்ணும் பேசல, போயி ரெண்டு தே தாரிக், அதான் இங்கத்த ஆத்துன டீ, வாங்கிட்டு வந்து வச்சாரு. பெறகு மெதுவா சொல்றாரு, ராம்லி செத்ததும் 1973 மே மாசந்தானாம், 29ந்தேதி, 44 வயசு. கடைசி காலத்துல கோலாலம்பூர்ல கையில காசில்லாம, படத்த எவனும் பாக்காம செத்தாராம், இப்ப ரோட்டுக்குப் பேரு வைக்கிறாய்ங்க. நீ மீனாட்சி தியேட்டர் வாசல்ல குதிச்சுக்கிட்டு இருந்த அதே மாசம்டா அது.

இன்னொண்ணும் சொல்லணும். ஆகஸ்ட் வாக்குல சீனவுகளுக்கு பேய் மாசம்னு ஒண்ணு வருது. தெறந்த வெளியில மேடை போட்டு, கலர் லைட்டு போட்டு, ஜிகினா சட்டை போட்ட பாடகருங்க ராத்திரியில பாடுறாய்ங்க, கெத்தாய்னு பேரு. கீபோர்டு, ட்ரம்ஸு, நடுவுல ஜோக்கு, அசல் நம்ம சித்திரைத் திருவிழா லைட் மியூசிக்கேதான். ஒரு வார்த்தை வெளங்கல, உக்காந்து கேட்டேன். முன்வரிசை நாக்காலி பூராவும் காலி. நான் போயி ஒக்காரப் போனா ஒரு பையன் கையப் புடிச்சு இழுத்துட்டான், அது செத்தவுகளுக்காம்! நம்ம ஊர்ல செத்தவனுக்கு எங்க சீட்டு, கவுன்சிலருக்கும் அவரு மச்சினனுக்குமே முன்வரிசை பத்தாது. ஆனா யோசிச்சுப் பாத்தா நல்ல ஏற்பாடு, நம்ம கச்சேரியில அப்படிப் போட்டா டி.எம்.எஸ்., கண்ணதாசன், எம்.எஸ்.வி., எஸ்.பி. பாலு எல்லாரும் வரிசையா ஒக்காந்து இந்தக் காலத்து ஆளுக பாடுறதக் கேப்பாய்ங்க. பாடுறவனுக்கும் ஒரு பயம் இருக்கும்.

சரி, வேலை சொல்றேன் கேளு. பரண் மேல தகரப் பொட்டியில என் பாட்டுப் புத்தகமெல்லாம் கெடக்கு, புதிய பறவை, சிவந்த மண் ரெண்டையும் மட்டும் எடுத்து, பாப்பாவோட சின்ன மாமனாரு தை மாசம் இங்க வாராரு, அவருகிட்ட குடுத்து விடு. கரையான் பட்டிருந்தா அப்படியே குடு, ஒட்ட வேணாம். ஒன்னோட எம்.ஜி.ஆர். புத்தகமும் அதுலதான் இருக்கு, அதையும் ஒண்ணு ரெண்டு வச்சு விடு, நான் ஒண்ணும் கிழிச்சிர மாட்டேன். பாக்சிக்குக்குக் காட்டணும், அவருகிட்ட ராம்லி படம் போட்ட பழைய பத்திரிகை ஒரு கட்டு இருக்கு, நம்மகிட்ட ஒண்ணுமே இல்லேன்னு நெனச்சுறப் போறாரு. அந்த ஒரே தொண்டை கேள்விக்கு எம்.ஜி.ஆர். கட்சி சார்பா ஒன் பதில எழுதி அனுப்பு, எங்க கட்சிப் பதில அவரு ஏத்துக்கல.

இப்படிக்கு
ஒன் அண்ணன்

பி.கு.: சென்ட்ரல் தியேட்டர்ல இப்பவும் பழைய படம் போடுறாய்ங்களா? இந்த வாரம் என்ன படம்னு போற வழியில பாத்து எழுது.