தொட்டி வந்துவிட்டது, அப்புறம்?

பயிர் மரபணு வங்கித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். திசு வளர்ப்புக் கூடத்தில் பதினெட்டு வருஷம் வாழைக் குருத்து நறுக்கியவன் எழுதுகிறேன். குருத்துகளை உறைய வைத்துக் காக்கத் திரவ நைட்ரஜன் தொட்டி கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கு நீங்கள் கை சுருக்குவதில்லை. அது நல்லதுதான். ஆனால் அதே விண்ணப்பத்தில் ஓர் ஆள், இருட்டு அலமாரி, சில ரசாயனங்கள் என்று கேட்டிருக்கும் வரிகளைத்தான் முதலில் அடிக்கிறீர்கள். நான் எழுதுவது அந்த வரிகளைப் பற்றி.

நெல்லை உலர்த்திக் குளிர் அறையில் வைத்துவிடலாம். நாம் சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது, கன்றுதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சியைக் கீழ்ப்பழனி மலையில் முடிக்கொத்து நோய் என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்கே தெரியும். அசுவினி பரப்பும் அந்த நச்சுயிரி கன்றோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்கும் போய்விடும். வயலில் வைத்தால் நோய், புயல். கூடத்தில் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து வைத்தால் மாதக்கணக்கில் மாற்றி மாற்றி நடும் வேலை, நடுவில் பூஞ்சை. அதனால்தான் குருத்து நுனியை மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறோம். பெல்ஜியத்தின் லூவனில் 1985 முதல் இயங்கும் உலக வாழைச் சேகரிப்பு 1,600க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் குடுவைகளில் வைத்திருக்கிறது. அவற்றில் பெரும் பகுதியை இப்படி உறையவும் வைத்திருக்கிறார்கள்.

மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் கேனைப் பார்த்திருப்பீர்கள். அதே நைட்ரஜன்தான். அந்தக் குளிரில் வேதிவினை என்று சொல்லும்படி ஒன்றும் நடப்பதில்லை. நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், குருத்து எத்தனை வருஷமானாலும் போட்டபடியே இருக்கும். அது சாவதெல்லாம் உள்ளே போகும் வழியிலும் வெளியே வந்த பிறகும்தான்.

வாழைப்பூவை ஆய்ந்தவுடன் ஏன் மோரில் போடுகிறார்கள்? வெளியே வைத்தால் கறுத்துவிடும். கத்தி பட்ட இடத்தில் செல் உடைந்து, உள்ளே இருக்கும் ஃபீனால்களும் நொதியும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கின்றன. நாங்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்நுனியைச் செதுக்கி எடுக்கும்போதும் அதேதான் நடக்கிறது, கூடவே கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும். அடிபட்ட செல்லில் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் முரட்டுத் துகள்கள் திடீரென்று பெருகுகின்றன. பக்கத்தில் இரும்பு இருந்தால் பெராக்சைடு ஹைட்ராக்சில் என்ற கொடிய துகளாக மாறி, செல் சவ்வில் உள்ள கொழுப்பைச் சங்கிலி போல அரித்துக்கொண்டே போகும். எண்ணெய் சிக்குப் பிடிக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். நாங்கள் குருத்தை வளர்க்கும் சத்துக் கூழிலேயே இரும்பு இருக்கிறது என்பது தனி வேடிக்கை.

அடுத்த அடி கரைசலில். பனிப் படிகம் உருவானால் செல் கிழிந்துவிடும், அதனால் நீரைப் பெருமளவு உறிஞ்சி எடுத்துக் கண்ணாடி போல உறைய வைக்க வேண்டும். அதற்குப் பிவிஎஸ்2 கரைசல்: கிளிசரால் 30 சதவீதம், எத்திலீன் கிளைக்கால் 15, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 15, அதோடு சர்க்கரை. ஐஸ் மேல் வைத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி. குறைந்தால் படிகம், கூடினால் நஞ்சு. நீர் வற்றும் செல்லில் சுவாசம் தடுமாறி அந்தத் துகள்கள் இன்னும் கூடும். கடைசியில் சூடேற்றி எடுத்தவுடன் விளக்கு வெளிச்சத்தில் வைத்தால், ஏற்கெனவே நொந்து கிடக்கும் திசுவுக்கு அது இன்னொரு அடி. அதனால்தான் முதல் நாட்களுக்கு இருட்டு அலமாரி கேட்கிறோம்.

இதைத் தாங்கச் செல்லுக்கே கேட்டலேஸ், குளுட்டாத்தியோன், வைட்டமின் சி என்று சொந்தக் காவல் உண்டு. வெளியிலிருந்தும் உதவலாம். அமெரிக்காவின் ஓரிகானில் பிளாக்பெர்ரிக் குருத்துகளுக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்புச் சிதைவு குறைந்தது, மறுபடி வளர்ந்தவை கூடின. 2010-இல் வெளியான வேலை அது. அதற்காக அள்ளிக் கொட்டவும் முடியாது. இரும்போடு சேர்ந்தால் வைட்டமின் சி-யே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். எந்தப் படியில், எவ்வளவு, எந்த வகைக்கு என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் நீங்கள் அடித்துவிடுகிறீர்கள்.

இப்போது எங்கள் தவறையும் சொல்கிறேன். நான் இருந்த ஒரு கூடத்தில், சூடேற்றிச் சில நாளிலேயே எண்ணிக்கை எடுப்போம். உப்பியது, பச்சை காட்டியது எல்லாம் 'பிழைத்தது'. பாதிக்கு மேல் தேறும், அறிக்கை அழகாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து நான் அதே குடுவைகளைத் திறந்து பார்த்தேன். பல கறுத்திருந்தன. சில காலஸ் உருண்டையாக, அதாவது இலையும் வேருமில்லாத வெறும் செல் கட்டியாக, உப்பி நின்றன. இலை விட்டவை ஒரு கை விரலுக்குள் அடங்கின. அறிக்கை அதற்குள் உங்களைப் போன்ற ஒரு குழுவுக்குப் போய், பாராட்டும் வந்திருந்தது. பொய் சொன்னோம் என்றில்லை. படிவம் கேட்டதற்குப் பதில் எழுதினோம், அவ்வளவுதான்.

உலர்த்த முடியாத விதைகளுக்கும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்ரிசியா பெர்ஜாக் குழுவினர் அப்படிப்பட்ட மரங்களின் கருவை விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வேர் வந்தது, தண்டு வரவில்லை. தண்டு நுனிக்கு மிக அருகில் கத்தி படுவதும், அங்கே அப்போதே பொங்கும் ஆக்சிஜன் துகள்களும்தான் காரணம் என்று கண்டார்கள். உறைய வைக்கும் படிக்கு அது அதுவரை போகவே இல்லை. வேர் விட்டதை உயிர் என்று எண்ணியிருந்தால் அந்தக் காரணம் சிக்கியே இருக்காது.

எனவே உங்கள் படிவத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். 'உயிர் பிழைப்பு விகிதம்' என்ற கட்டத்தை அறுபதாம் நாளில் இலையோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையாக ஆக்குங்கள். பக்கத்திலேயே, நைட்ரஜனில் போடாமல் மற்ற எல்லாப் படிகளையும் கடந்த குருத்துகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். கொலையாளி குளிரா, எங்கள் கத்தியும் கரைசலுமா என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். வகைவாரியாகக் கேளுங்கள். மொந்தனில் வந்த கணக்கை விருப்பாட்சிக்குப் போட முடியாது. எண் சின்னதாக வந்தால் அடுத்த வருஷ நிதியை வெட்டாதீர்கள். வெட்டினால் நாங்கள் மறுபடி ஏழாம் நாளிலேயே எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

லூவனில் 56 வகைகளில் செய்து 2005-இல் வெளியிட்ட முடிவில்கூட மறுவளர்ச்சி சராசரி பாதியைத்தான் சற்றே தாண்டியது. வங்கிக்கு அது தாராளம், ஒரு வகைக்குப் போதுமான குருத்துகளைப் போட்டு வைத்தால் சரி. எத்தனை போட வேண்டும் என்று கணக்கிட உண்மையான எண் வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வாழைக்கறை போகாத சட்டைக்காரன்