பழைய மென்பொருள் தொகுப்புகளும் கண்காணிப்புக் கருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத் திருட்டுகள் பற்றிய செய்திகளில் கடவுச்சொல்லும் போலி மின்னஞ்சலும் பெறும் கவனத்தை, புதுப்பிக்கப்படாத மென்பொருள் தொகுப்புகள், அதாவது பிறர் எழுதி நாம் நம் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்கள், பெறுவதில்லை. 2017ஆம் ஆண்டு ஈக்விஃபாக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்கள் களவுபோனது, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் தொகுப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளிவந்திருக்க, திருட்டு மே மாதத்தில் தொடங்கியது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் பதிவு எழுதும் தொகுப்பில் ஓட்டை வெளிப்பட்டபோது, அத்தொகுப்பு தங்கள் மென்பொருளில் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க ரெனவேட் போன்ற திறமூலக் கருவிகள் உள்ளன. நம் மென்பொருளில் உள்ள தொகுப்புகளுக்குப் புதிய பதிப்பு வந்துள்ளதா என்று இவை கண்காணித்து, வந்திருந்தால் அதற்கு மாறும்படி ஒரு மாற்றக் கோரிக்கையைத் திறந்து வைக்கும். சொந்த சர்வரிலேயே ஓட்ட முடியும் என்பதால், நிரலை வெளியாரிடம் ஒப்படைக்க விரும்பாத நிறுவனங்கள் இவற்றை நாடுகின்றன. ஆனால், கருவியை நிறுவிய அன்றே வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைப்பது எனக்குக் கவலையளிக்கிறது. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் தனித்தனிக் கோரிக்கை வந்து குவிந்தால், சில வாரங்களிலேயே யாரும் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவசரத் திருத்தமும் அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகிறது. தொடர்புடைய தொகுப்புகளை ஒரே கோரிக்கையாகச் சேர்ப்பது, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கோரிக்கைகளுக்கு வரம்பு வைப்பது, வழக்கமான புதுப்பித்தல்களுக்கு வாரத்தில் ஒரு நேரம் குறிப்பது ஆகியவற்றை அமைப்புக் கோப்பில் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். உண்மையான கோரிக்கைகளைத் திறக்காமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதியும் உண்டு. முதல் ஓட்டத்தை அப்படி ஓட்டி, பதிவேட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியான உடனே புதிய பதிப்பை ஏற்பதும் ஆபத்தே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு நுழைக்கப்பட்ட பின்கதவு (அத்துமீறி உள்ளே நுழைவதற்கான ரகசிய வழி) கண்டுபிடிக்கப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆகவே ஒரு பதிப்பு வெளிவந்து குறிப்பிட்ட நாள்கள் கடந்த பிறகே அதைப் பரிந்துரைக்குமாறு கருவியைப் பணிக்கலாம். அறியப்பட்ட ஓட்டைகளுக்கான திருத்தங்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாதவாறு விலக்கு தர வேண்டும். இவ்விரண்டையும் ஒரே விதியில் அடைத்துவிடுவதே நான் காணும் அமைப்புகளில் உள்ள பெரிய பிழை.

அதைவிடக் கவனம் கோருவது அனுமதிகள். இக்கருவி, தான் கவனிக்கும் எல்லா நிரல் களஞ்சியங்களிலும் (நிரல்கள் சேமிக்கப்படும் இடங்களிலும்) எழுதும் உரிமையுள்ள டோக்கனை, அதாவது கடவுச்சொல் போன்ற அனுமதிச் சாவியை, கையில் வைத்திருக்கிறது. எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகக் குறித்து வைக்கும் லாக் ஃபைலை (lock file) புதுப்பிப்பதற்காக, தொகுப்புகளை நிறுவும் மென்பொருளான தொகுப்பு மேலாளரையும் தானே இயக்குகிறது. நம்பத்தகாத ஒரு களஞ்சியத்தை அதனிடம் விட்டால், அதிலுள்ள நிரல் அந்த சர்வரிலேயே ஓடக்கூடும். எனவே கருவிக்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, தேவையான களஞ்சியங்களுக்கு மட்டும் அனுமதி தந்து, தொகுப்புகள் நிறுவப்படும்போது தாமாக ஓடும் ஸ்கிரிப்டுகளைத் தடுத்து, டோக்கனை அமைப்புக் கோப்பில் எழுதாமல் ரகசியப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். ஒரு நிர்வாகியின் சொந்த டோக்கனையே கொடுத்துவிடுவது எளிதாகத் தோன்றலாம். அந்த எளிமைக்காக மொத்த நிரலையும் பணயம் வைக்கிறோம் என்பதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.

மனித ஒப்புதல் இல்லாமலே கோரிக்கையை நிரலில் தானாக இணைக்கும் வசதியைப் பற்றி இறுதியாக ஒன்று. நம்பகமான சோதனைகள் எழுதப்பட்டுள்ள களஞ்சியங்களில், சிறு திருத்தப் பதிப்புகளுக்கு மட்டும் அதை அனுமதிக்கலாம். முதன்மைப் பதிப்பு மாறும்போது ஒரு மனிதர் மாற்றக் குறிப்புகளைப் படித்தே ஒப்புதல் தர வேண்டும். பொதுமக்களின் விவரங்களைக் கையாளும் அலுவலகங்கள், இந்த ஒப்புதலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதைப் பணிப் பட்டியலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புத் துறையில் பணியாற்றும் வாசகர்