அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

புதுப்பாளையம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

செம்மண்டலம் பக்கம் பார்த்த வீடு உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்துப்போயிற்று, ஓனர் 42 லட்சம் சொல்கிறார், லோன் ஏஜெண்டு 33 லட்சத்து 60 ஆயிரம் வரை கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார், வெள்ளிக்கிழமை 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் கணக்கு மனதில் நிற்காது, அதனால் எழுதுகிறேன். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பணம் கொடுக்காதே.

முதலில் அந்த ஏஜெண்டு. அவர் கெட்டவர் இல்லை, உதவியானவர்தான். எந்த வங்கி உங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும், எந்த வங்கி பழைய கட்டடம் என்றால் பின்வாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது வங்கி. கடன் பட்டுவாடா ஆனால்தான் கமிஷன், அதுவும் கடன் தொகையில் சதவீதம். ஆகவே கடனைப் பற்றி எது வேண்டுமானாலும் அவரிடம் கேள், விலையைப் பற்றிக் கேட்காதே. கையிருப்பு 12 லட்சம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டாம். வீட்டு புரோக்கர் மூலமாக அறிமுகமானவர் என்கிறாய். நீ காலையில் சொன்னது சாயங்காலம் ஓனர் காதுக்குப் போய்விடும். உன்னிடம் தனியாக சர்வீஸ் சார்ஜ் என்று கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, ஃபைலை நாலைந்து வங்கியில் ஒரே நேரத்தில் போட விடாதே. ஒவ்வொரு வங்கியும் சிபில், அதாவது உங்கள் கடன் வரலாற்று ஸ்கோர், பார்க்கும்போது அது ஒரு விசாரணையாகப் பதிவாகும். அடுத்தடுத்துப் பதிவானால் ஸ்கோர் இறங்கும், ஐந்தாவது வங்கி ஏன் இத்தனை பேர் பார்த்தார்கள் என்று சந்தேகப்படும். இரண்டு வங்கி போதும். 2024 அக்டோபர் 1 முதல் எல்லா வங்கியும் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தந்தாக வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியிலேயே கேட்கலாம். வட்டி மட்டுமில்லாமல் எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு சதவீதம் விழுகிறது என்று அதில் இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு எண்ணைப் பார். கடனோடு சேர்த்து ஒரு இன்சூரன்ஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாப்பிள்ளை தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போது விலைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம், பொறுமையாகப் படி.

வீட்டை மதிப்பிட வங்கி அனுப்பும் வேல்யூவர் ஓனர் சொல்கிற விலையைப் பார்க்க மாட்டார். மனையைத் தனியாக, கட்டடத்தைத் தனியாக எடுப்பார். மனை 1,200 சதுர அடி. அந்தத் தெருவில் சதுர அடி 1,800 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள், 21 லட்சத்து 60 ஆயிரம். கட்டடம் 900 சதுர அடி, இன்றைக்குப் புதிதாகக் கட்ட 2,000 ரூபாய் என்று போட்டால் 18 லட்சம். கட்டி 14 வருஷம் ஆகிறது. கட்டடத்துக்கு ஆயுள் 60 வருஷம், கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று எடுத்தால் வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம், 14 வருஷத்துக்கு 21 சதவீதம். 18 லட்சத்தில் அதைக் கழித்தால் 14 லட்சத்து 22 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 35 லட்சத்து 82 ஆயிரம். 42 எங்கே, இது எங்கே பார்.

சதுர அடி 1,800 என்பது நான் எடுத்த உதாரணம், நீ அதைச் சரிபார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஒரு சர்வே எண்ணில் பதிவான ஆவணங்களின் பட்டியலை, இலவசமாகவே பார்க்கலாம். நம் மனையின் சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்து உட்பிரிவு எண்களையும் போட்டுப் பார். கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் நடந்த கிரயம் ஒவ்வொன்றிலும் கைமாற்றுத் தொகையும் பரப்பளவும் இருக்கும், வகுத்தால் தெரு விலை வந்துவிடும். பத்திரத்தில் குறைத்துக் காட்டியவர்களும் இருப்பார்கள், அதனால் ஒன்றை நம்பாமல் நாலைந்தைப் பார்.

அடுத்து, கடன் எவ்வளவு? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான். பேசிய விலை, வேல்யூவர் போட்ட மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் சதவீதம். ஏஜெண்டு 42-க்கு 80 சதவீதம் போட்டு 33.60 என்று சொல்லிவிட்டார். 35.82-க்கு 90 சதவீதம் போட்டால் 30-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் 90 கிடையாது. 80 போட்டால் 30-க்குக் கீழே வந்துவிடும். ஆகவே அதிகபட்சம் 30 லட்சம். மதிப்பு 33 லட்சத்து 33 ஆயிரத்திலிருந்து 37 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் எங்கே நின்றாலும் கடன் அந்த 30-லேயே நிற்கும். வங்கி இதைவிடக் குறைத்துத் தரலாம், கூட்டித் தர முடியாது. இதற்கு மேல் ஓனருக்கு ஏற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் உன் கைக்காசு.

கைக்காசில் வேறு என்னென்ன போகும் தெரியுமா? முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. இதற்கு வங்கி கடன் தராது. பெண் பெயரில் வாங்கினால் 1 சதவீதம் குறைவு என்று யாராவது சொல்வார்கள், அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் எம்.ஓ.டி. பதிவுக்கு, 30 லட்சம் கடன் என்றால் முத்திரைக்கு 15,000, கட்டணம் 6,000. புரோக்கருக்கு 1 சதவீதம் பேசியிருக்கிறீர்கள். லீகல், வேல்யூவர், பிராசசிங் எல்லாவற்றுக்கும் 30,000 ஒதுக்கு. 36 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடித்தால் வீட்டுக்கு 6.50, பதிவுக்கு 3.28, மற்றவை எல்லாம் சேர்ந்து சுமார் 88 ஆயிரம், மொத்தம் 10 லட்சத்து 66 ஆயிரம். வெள்ளையடிக்க, ஒயரிங் மாற்ற, குடிபோக ஒரு லட்சத்துச் சொச்சம் மிஞ்சும். அதனால் உன் உச்சவரம்பு 36½. இதை ஒரு தாளில் எழுதி மாப்பிள்ளையும் நீயும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

42-க்கே ஒத்துக்கொண்டால் கைக்காசு பதினாறே முக்கால் லட்சம் வேண்டும். பற்றாக்குறைக்குப் பர்சனல் லோன் போட்டுக்கலாம் என்பார் ஏஜெண்டு. அந்த இ.எம்.ஐ.யையும் வங்கி உங்கள் சம்பளத்தில் கழித்துத்தான் வீட்டுக் கடனைத் தரும், இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் பிய்ந்துகொள்ளும். 30 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் 20 வருஷம் என்றாலே மாதம் 26,035 ரூபாய். கால் சதவீதம் குறைத்து வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால் நல்லதுதான், மாதம் 473 ரூபாய் மிச்சம். ஆனால் விலையில் ஒரு லட்சம் குறைந்தால் அந்த ஒரு லட்சத்தோடு பதிவிலும் புரோக்கரேஜிலும் 10,000 அன்றைக்கே கையில் நிற்கும். உழைப்பை அங்கே போடு.

பேசப் போகும்போது மாமாவைக் கூட்டிக்கொண்டு போ. வீட்டைப் புகழாதே, குறையும் சொல்லாதே, கணக்கைச் சொல். புரோக்கர்கள் எல்லாரும் கடைசியில் "நடுவுல முடிச்சுக்குங்க" என்பார்கள். நீ 34-ல் ஆரம்பித்தால் நடு 38, உன் வரம்பைத் தாண்டிவிட்டது. 31-ல் ஆரம்பித்தால்தான் நடு 36½-க்கு வருகிறது. 31 என்றதும் ஓனர் முகம் மாறும், பரவாயில்லை. மனை இவ்வளவு, கட்டடத் தேய்மானம் இவ்வளவு, மொட்டை மாடித் தள ஓடுகளை மாற்ற இவ்வளவு என்று தாளில் இருப்பதைக் காட்டு. அடுத்த முறை 34, அதற்கடுத்து 35½, பிறகு 36. ஏற்றுவது ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஆகிக்கொண்டே வர வேண்டும், அப்போதுதான் கையில் இல்லை என்பது அவருக்குப் புரியும். ஒரே நாளில் இரண்டு தடவை ஏற்றாதே. பணத்தில் இறங்கி வராவிட்டால் வேறு வகையில் கேள். மோட்டார், இன்வெர்ட்டர், ஜன்னல் கிரில், ஷெல்ஃப் எல்லாம் விட்டுவிட்டுப் போகட்டும், சொத்து வரி நடப்பு அரையாண்டு வரை கட்டிக் கொடுக்கட்டும்.

லோன் போடுகிறவர்கள் என்றாலே இழுத்தடிப்பார்கள் என்பது விற்பவர்களின் பயம். அதைப் போக்க சாங்ஷன் லெட்டரை முன்பே வாங்கி வைத்துக்கொள். ஆனால் அது உங்கள் சம்பளத்துக்குக் கிடைத்த ஒப்புதல் மட்டும். வீட்டுக்கு ஒப்புதல் என்பது வங்கி வக்கீலும் வேல்யூவரும் பார்த்த பிறகுதான். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் கெடிலமும் தென்பெண்ணையும் ஓடுகின்றன. 2015-லும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்தபோதும் எந்தத் தெரு மூழ்கியது என்று பால்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் கேள். மறுபடி போகும்போது நிலைக்கதவின் அடிக்கட்டையை நகத்தால் குத்திப் பார், தண்ணீரில் நின்ற மரம் பொடியாக உதிரும். பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஒரே மட்டத்தில் உப்புப் பூத்த கோடு இருக்கிறதா பார், புதுப் பெயிண்ட் அதை அதிக நாள் மறைக்காது. கரண்டு மீட்டர் பக்கத்து வீடுகளைவிட உயரத்தில் இருந்தால் ஏன் ஏற்றினீர்கள் என்று கேள். இது தெரிந்தால் விலை தானாகவே இறங்கும், இல்லையென்றால் வீட்டையே விட்டுவிடலாம்.

பத்திரத்தில் 28 காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று ஓனர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. கடன் 28-க்குத்தான் கிடைக்கும், 90 சதவீதம் போட்டாலும் 25 லட்சத்து 20 ஆயிரம். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பின்னால் நீ விற்கும்போது அந்த மறைத்த தொகைக்கும் சேர்த்து வரி கட்டுவது நீதான்.

விலை முடிந்த பிறகு அக்ரிமெண்ட். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும், உன் கையெழுத்து இல்லாமல் ரத்து செய்ய முடியாது, ஓனர் தயங்குவது அதனால்தான். அட்வான்ஸ் ஒரு லட்சம் போதும், வங்கி வழியாக மட்டும். கெடு 90 நாள். இந்த வரியை எழுத்தரிடம் அப்படியே எழுதச் சொல்: "சொத்தின் சட்டக் குறையாலோ கட்டடக் குறையாலோ வங்கி கடன் மறுத்தாலும், வங்கி மதிப்பீடு 35,00,000 ரூபாய்க்குக் குறைந்தாலும், விற்பவர் முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் வாங்குபவரின் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டியது." இதை எழுத மறுக்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

பட்டா இன்னும் ஓனருடைய அப்பா பேரில் இருக்கிறது என்றாய். அப்படியானால் வாரிசுச் சான்று வேண்டும், அதில் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓனருடைய அக்காவுக்கு அப்போதே நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்ற பேச்சை வங்கி வக்கீல் ஏற்க மாட்டார்.

நீ அனுப்பிய வில்லங்கத்தில் 2012-ல் ஒரு எம்.ஓ.டி. தெரிகிறது, அதற்கு எதிராக, கடன் அடைந்தது என்று காட்டும் ரசீது ஆவணம் எதுவும் இல்லை. கடனை அடைத்தும் ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம், அல்லது கடன் இன்னும் நிலுவையில் இருக்கலாம். அடைத்தாயிற்று என்றால் அந்த வங்கியிலிருந்து ரசீது வாங்கிப் பதிவு செய்த பிறகுதான் அட்வான்ஸ். அடைக்கவில்லை என்றால் பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடம் இருக்கும் அசல் பத்திரங்களின் பட்டியலும் வாங்கச் சொல். அப்போது உன் வங்கி இரண்டு டிடி எடுக்கும், ஒன்று அந்த வங்கிக்கு, மீதி ஓனருக்கு. இதை ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்றுகொண்டு தொகை குறைவாக இருக்கிறதே என்று அவர் ஆரம்பித்தால் அன்றைய டோக்கன் வீணாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஓனருக்குப் போன் பண்ணி, வீடு பிடித்திருக்கிறது, தாய்ப்பத்திர நகலும் பிளான் அப்ரூவலும் கொடுங்கள், லீகல் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல். நகல் கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும், பின்பக்க முத்திரை உட்பட, எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா