சுவரில் மாட்டிய பந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு என் மகள் கூடத்தில் மாட்ட கண்ணாடி போட்ட படம் ஒன்று வாங்கி வந்தாள். பழைய கற்சிற்பத்தின் படம். நடுவில் பெரிய வட்டம், அதற்குள் மண்டை ஓடு. பக்கத்தில் தலையில்லாமல் முழங்காலிட்ட ஒருவன். அவன் கழுத்து இரத்தம் பாம்புகளாக நெளிகிறது. விருந்துக்கு வந்த என் நாத்தனார், "சாமி படத்துக்கு எதிரே இதையா மாட்டுவீங்க? கழற்றுங்க அண்ணி" என்றார். கடைக்காரரிடம் விசாரித்தால் 'மாயா டிசைன்' என்பதோடு சரி.

மகள்தான் தேடிச் சொன்னாள். மெக்சிகோவில் பழங்கால மாயா மக்கள் வாழ்ந்த சிச்சென் இட்சா என்ற இடத்தில் 168 மீட்டர் நீளப் பந்தாட்டக் களம் இருக்கிறதாம். அதன் சுவரில் செதுக்கியது இது. அந்த வட்டம் பந்து. அதுவும் ரப்பர் பந்து!

27 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் நான். 1876-இல் பிரேசிலிலிருந்து வெள்ளைக்காரன் விதை கொண்டுபோனதில்தான் ரப்பர் கதை தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் மெக்சிகோவின் எல் மனாத்தியில் கிடைத்த ரப்பர் பந்துகள் கி.மு. 1600 வாக்கில் செய்தவை. மரம் வேறு, காஸ்டில்லா என்பார்கள். தோட்டத்து ஸ்டோரில் நாங்கள் ஆசிட் ஊற்றி ரப்பர் பாலை உறைய வைப்போம். அந்தக் கால மெக்சிகோ மக்கள் இரவில் வெள்ளைப்பூ பூக்கும் ஒரு கொடியின் சாற்றைக் கலந்தார்கள். பால் உறைந்ததோடு பந்துக்குத் துள்ளலும் வந்தது. இதை 1999-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். லயத்து வீடுகளில் நாங்களும் ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை, சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பார்த்தால் திட்டு விழும். அந்தப் பிசுபிசுப்பு என் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தலை வெட்டுப்பட்டவன் அந்தச் சிற்பத்தில் இருப்பது உண்மை. அந்த மக்களுக்குப் பந்தாட்டம் வழிபாட்டோடும் பலியோடும் சேர்ந்தது. நம் காளியம்மன் கழுத்தில் மண்டை ஓட்டு மாலை இல்லையா? நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். அப்புறம் அவர் கழற்றச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட படங்களை விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊர்ச் சிற்பம், யார் செதுக்கியது, என்ன காட்சி என்று பின்பக்கம் நான்கு வரி ஒட்டிக் கொடுங்கள். சுங்கை சிப்புட்டில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். ரப்பர் பந்தைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்து, அது என்னவென்றே தெரியாமல் அவர்கள் இருக்கக் கூடாது. எங்கள் படத்துக்கு மகள் தமிழில் எழுதி ஒட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.