பெட்டியில் போட்டிருக்கும் 675

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை வந்தால் போதும், ‘பையன் டெலஸ்கோப் கேட்கிறான், எது வாங்கலாம் டீச்சர்?’ என்று பெற்றோர் வந்துவிடுகிறார்கள். கைபேசியில் விளம்பரமும் தயாராக இருக்கும். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ‘675 மடங்கு’.

அந்த 675 எப்படி வந்தது? குழாயின் குவியத்தூரம் (முன்லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 900 மி.மீ., கண்ணருகு லென்ஸுக்கு அது 4 மி.மீ.; வகுத்தால் 225. கூடவே தரும், பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ என்ற துணை லென்ஸையும் செருகினால் 675. கணக்கில் பொய்யில்லை. ஆனால் முன்லென்ஸின் விட்டம் வெறும் 60 மி.மீ. விட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்குதான் உருப்படியான பெருக்கம், அதாவது 120. அதற்கு மேல் போனால் வியாழன் குழைந்த சோற்று உருண்டையாகத் தெரியும். முக்காலியோ நோஞ்சான். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் துள்ளும். அது அடங்குவதற்குள் பூமி சுழற்சியில் வியாழன் பார்வையை விட்டே நழுவிவிடும்.

எங்கள் ஊருக்கு மேலே காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியை 2.3 மீட்டர் என்று ஆடியின் விட்டத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். எத்தனை மடங்கு என்று எந்த விஞ்ஞானியும் கேட்பதில்லை!

என்னைக் கேட்டால், வசதி உள்ளவர்கள் 6 அங்குல விட்டமுள்ள ஆடி வைத்த டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்தத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் பிரபலமாக்கிய அமைப்பு அது. முக்காலியே கிடையாது, தரையில் உட்கார்ந்த மரப்பெட்டியில் குழாய் திரும்பும். 60 மி.மீ. லென்ஸைவிட ஆறு மடங்கு ஒளி சேரும். சனியின் வளையம் பளிச்சென்று தெரியும். கையைக் கடித்தால் 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்லென்ஸ்) போதும். மொட்டைமாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நிலாக்களையே பார்க்கலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு டெலஸ்கோப்பைவிட அதுதான் அழகு.

இன்னொன்று. சில பெட்டிகளில், கண்ணருகு லென்ஸில் திருகி மாட்ட ‘சூரியனைப் பார்க்க’ என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லை இருக்கிறது. குவிந்த வெயிலில் சூடேறி அது விரிசல் விட்டால் பிள்ளையின் கண் போய்விடும். சூரிய வடிகட்டி என்றால் குழாயின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும். அந்த வில்லையை வாங்கிய அன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

மடங்குக் கணக்கைப் பெரிதாகப் போடும் இடத்தில் விட்டத்தை அச்சிட வேண்டும், அந்தக் கறுப்பு வில்லையை விற்கவே கூடாது என்று நுகர்வோர் துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.